தம்மடிக்கிற பெண்ணுக்கு என்ன குணம்?

காட்பாடிப் பக்கம் டீக்கடை வாசலில் ஒரு பையன் சிகரெட் பற்றவைத்தால், கடைக்காரர் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கி வைப்பதோடு சங்கதி முடிந்துவிடும். அதே இடத்தில் ஒரு பெண் பற்றவைத்துவிட்டால், பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேரும் அவள் ஜாதகத்தையே எழுதி முடித்துவிடுவார்கள். திமிர் பிடிச்சவ. வீட்டுல கண்டிப்பு இல்ல. எதுக்கும் துணிஞ்சவ. கொஞ்சம் படித்தவர் கூட்டத்தில் இருந்தால் "அட்டென்ஷனுக்காகப் பண்ணுதுங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

நான் வேலூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், இங்கே கல்லூரிக்கா பஞ்சம். வார்டன்களும் துறைத்தலைவர்களும், சில சமயம் அப்பாக்களும், என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மேடம், இந்த மாதிரிப் பொண்ணுங்களுக்குன்னு ஒரு டைப் இருக்குமில்ல? முன்னாடியே கண்டுபிடிச்சிடலாமா?" கேட்பவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. அடுத்த வருடம் மகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பப்போகிறவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நின்றபடி பேசும் ஐந்து நிமிடத்தில் அவர்களுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். குணத்துக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் டீக்கடை வாசலில் எழுதப்படுகிற குணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. இருக்கிற தொடர்பும் சின்னது. அந்தச் சின்னதையும் நம் ஊரில் வேறு சமாச்சாரங்கள் அமுக்கிவிடுகின்றன.

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் 2016-17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைக்கும் ஆண்கள் 19 விழுக்காடு, பெண்கள் 2 விழுக்காடு. ஆனால் வாயில் அடக்குவது, மெல்லுவது என்று புகை இல்லாத புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 விழுக்காடு. அதாவது இந்தியப் பெண்ணின் புகையிலை பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது, விரலிடுக்கில் இல்லை. எங்கள் ஆயாவின் இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பியோடு ஒரு துண்டுப் புகையிலையும் சுருண்டு கிடக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, நகத்தால் கிள்ளிப் போட்டுக்கொள்வார். ஒரு படி அரிசியை ஒன்பது பேருக்கு அளந்து வடித்த மனுஷி, ஆத்திரப்பட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு என்ன குணக்கேடு என்று யாரும் விசாரித்ததும் இல்லை. நிகோட்டின் அதே நிகோட்டின்தான்.

எல்லை தாண்டி ஆந்திரக் கடலோரம் போனால், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் உண்டு. மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதற்கு அது காரணம் என்று பல் மருத்துவப் பாடங்களில் இருக்கிறது. அந்தப் பாட்டிகளிடம் ஆளுமை வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன வரும்? அம்மா செய்தார், மாமியார் செய்தார், நானும் செய்கிறேன் என்றுதான் வரும். எது ஊருக்குச் சகஜமோ அதைச் செய்வதற்குத் தனிக் குணம் தேவைப்படுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடியாத்தத்தில் என் சின்னம்மா பீடி சுற்றுகிறார். மடியில் முறம். முந்தின ராத்திரி நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகட்டு அளவை மேலே வைத்துக் கத்திரியால் வெட்டுவார். ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு உருட்டினால் இலை குழலாகிவிடும். வாயை நகத்தால் மடித்து அமுக்கி, வாலில் நூலைச் சுற்றி, அறுத்துப் போடுவார். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. விரல் நுனி பழுப்பேறியிருக்கும், தலைமுடியில் தூள் வாசனை போகவே போகாது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு இந்தக் காட்சிதான். இப்படிச் சுற்றும் பெண்களின் சிறுநீரில், நிகோட்டின் உடைந்து உண்டாகிற கோட்டினின் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இழுக்காமலேயே தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்புக்குள் போகிறது. கையெட்டும் தூரத்தில் நாள் முழுக்கப் பீடி, இருந்தும் வீட்டில் ஒரு பெண்கூடப் புகைப்பதில்லை. எப்போதாவது ஒன்று இழுத்துப் பார்க்கத் தோன்றியதா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "இன்னாத்துக்குடி? காசுக்குச் சுத்துறதே நாத்தம் தாங்கல, அத வேற இழுத்துகினு கெடக்கணுமா?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முந்தி தோழியோடு சேர்ந்து கொல்லையில் ஒரு தடவை இழுத்ததையும், இருமிய இருமலில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியதையும் சொன்னார். ஆக, தோன்றாமல் இல்லை.

சரி, உளவியல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்தக் கதையின் தொடக்கமே கொஞ்சம் கறை படிந்தது. லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் என்ற பெரிய பெயர் வாங்கிய உளவியலாளர் 1960இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கலகலப்பாக, நாலு பேரோடு சேர்ந்து திரிகிற குணக்காரர்கள் அதிகம் புகைக்கிறார்கள் என்பது அதன் சாரம். கேட்டதெல்லாம் ஆண்களிடம். அதோடு நின்றிருந்தால் நல்லது. புகைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையே குணத்தின் தலையில் கட்டுகிற அளவுக்கு அவர் போனார்: ஒரு சில குணக்காரர்களுக்குப் புற்றுநோய் வரும், அவர்கள் புகைக்கவும் செய்வார்கள், அவ்வளவுதான் என்கிற ரீதியில். புகையிலை நிறுவனங்களின் பணம் அவருடைய ஆய்வுகளுக்கு வந்தது பின்னால் வெளியே வந்தது. 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, அவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிவித்தது. ஐசங்க் இறந்து அப்போது இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "எல்லாம் குணம்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு இந்த விவகாரம்தான் ஞாபகம் வரும். குணத்தின் மேல் பழி போட்டால் சரக்கு விற்பவனுக்கு வசதி.

அதற்காக இந்தத் துறையையே தள்ளிவிட முடியாது. இன்று ஆளுமையை ஐந்து அளவைகளாகப் பார்ப்பது வழக்கம்: வெளிநோக்கு (நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுவது), பொறுப்புணர்வு, இணக்கம், புதியவற்றில் நாட்டம், அப்புறம் நியூரோட்டிசிசம் எனப்படும் மனக்கொந்தளிப்பு (எளிதில் பதறுவது, கவலைப்படுவது). எல்லோரிடமும் எல்லாமும் உண்டு, அளவுதான் வேறு. ஒன்பது நீண்டகால ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய 80,000 பேரை வைத்து 2015இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. புகைப்பவர்களிடம் வெளிநோக்கு கொஞ்சம் கூடுதல், கொந்தளிப்பு கொஞ்சம் கூடுதல், பொறுப்புணர்வு கொஞ்சம் குறைவு. "கொஞ்சம்" என்பதை அழுத்திப் படியுங்கள். ஒரு அளவை ஒரு படி நகர்ந்தால் புகைக்கும் வாய்ப்பு நகர்வது 20 விழுக்காட்டுக்கும் உள்ளேதான். ஒருத்தியைப் பார்த்து முன்கூட்டியே சொல்வதற்கு அது எந்த மூலைக்கும் போதாது.

அந்தப் பகுப்பாய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. ஒவ்வொரு குணமும் ஒவ்வொரு கட்டத்தில் வேலை செய்கிறது. தொடங்குவதற்கு வெளிநோக்கும் பொறுப்புணர்வுக் குறைவும் துணை போகின்றன. விட முடியாமல் தவிப்பதற்கும், விட்டதை மறுபடி பிடிப்பதற்கும் கொந்தளிப்பு. தொடங்குகிற பெண்ணும் விட முடியாத பெண்ணும் ஒரே "டைப்" ஆக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளிநோக்கு விஷயம் எளிது. முதல் சிகரெட்டை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, யாரோ நீட்டுகிறார்கள். பிறந்தநாள் கூட்டம், ஏலகிரிக்குப் போகிற வேன், நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகை அறை. எந்தக் கூப்பாட்டுக்கும் போகிறவளுக்கு நீட்டப்படுகிற சந்தர்ப்பம் அதிகம். குணம் அவளை அந்த அறை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. மற்றது அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பொறுப்புணர்வில்தான் நம் ஊர் ஆய்வை மடக்கிப் போடுகிறது. மறைக்க வேண்டிய இடத்தில் புகைப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும் தெரியுமா? வார்டன் மாடி ஏறுகிற நேரம் தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு பழைய துப்பட்டா, குளியலறை எக்ஸாஸ்ட் பக்கமாக நிற்பது, கையை ஷாம்பூ போட்டுக் கழுவுவது, வாய்க்கு ஏலக்காயோ மிட்டாயோ. வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வருகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். என்னிடம் தானாக வந்து பேசிய பெண்களில், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், வருகைப்பதிவு நூறு விழுக்காடு வைத்திருப்பவளும் உண்டு. மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. அசட்டையான பெண் என்ன ஆகிறாள்? இரண்டாவது வாரமே சிகரெட் துண்டை ஜன்னல் ஓரத்தில் விட்டு மாட்டிக்கொள்கிறாள். அலுவலகக் கோப்பில் சேர்வது இவள் பெயர்தான். கோப்பைப் புரட்டுகிறவர்களுக்கு, புகைக்கிற பெண்கள் எல்லாம் பொறுப்பற்றவர்கள் என்ற முடிவு கையில் கிடைத்துவிடுகிறது. மாட்டிக்கொண்டவர்களின் குணத்தைப் புகைப்பவர்களின் குணமாக எண்ணிக்கொள்கிறோம்.

இதே கோளாறு வினாத்தாள்களிலும் உண்டு. வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி எட்டிப் பார்க்கிற தூரத்தில் தாளைக் கொடுத்து "நீங்கள் புகைப்பதுண்டா?" என்று கேட்டால், "ஆம்" என்பதில் டிக் அடிக்கிறவள் யார்? ஊர் என்ன நினைத்தாலும் கவலைப்படாதவள். அப்புறம் தரவைப் பார்த்து, புகைக்கிற பெண்கள் துணிச்சல்காரிகள் என்று எழுதுவோம். அந்த மறைக்கிற பெண் "இல்லை"யில் டிக் அடித்துவிட்டு, தாளைச் சரியாக மடித்து முதல் ஆளாகக் கொடுத்திருப்பாள். பெண்கள் புகைப்பது அவ்வளவாகக் கண்ணுக்கு உறுத்தாத ஊர்களில் கண்டுபிடித்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒட்டவைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கொந்தளிப்புக்கு வருவோம். என் அறையில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது இதுதான். "டென்ஷனா இருந்தா ஒண்ணு அடிச்சா சரியாயிடுது மேம்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, சரியாகத்தான் ஆகிறது. இழுத்த புகையின் நிகோட்டின் பத்து இருபது நொடியில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஊசி போட்டால்கூட அவ்வளவு வேகம் இருக்காது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெண்களின் உடம்பு, ஈஸ்ட்ரோஜனின் வேலையால், நிகோட்டினை ஆண்களின் உடம்பைவிடச் சீக்கிரமாகக் கரைக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் வேகம். (மாத்திரையும் சிகரெட்டும் சேர்ந்தால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறும் என்பதை மருந்துக்கடையில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்ல வேண்டுமானால் கேட்க வேண்டுமே.) அளவு இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறல். அடுத்ததைப் பற்றவைத்தால் அடங்கும். அடங்கியது பெரும்பாலும் முந்தின சிகரெட் வைத்துவிட்டுப் போன படபடப்பு. கடன்காரன் கொடுத்த பணத்திலேயே அவனுக்கு வட்டி கட்டுகிற கதை.

பிறவியிலேயே பதற்றம் கூடுதலாக உள்ள பெண்ணுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். தன் படபடப்பில் எது தன்னுடையது, எது நிகோட்டின் இறங்குவதால் வருவது என்று அவளால் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் "நான் அப்படித்தான், எனக்கு ஆங்ஸைட்டி" என்று ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறாள். வளாக நேர்காணல் மாதங்களில் இது நன்றாகத் தெரியும். காலையில் தேர்வெழுதும் கூடம், மூன்று மணி நேரம் வெளியே வர முடியாது. உள்ளே கை நடுங்குகிறது. நேர்காணல் பயம் என்று நினைக்கிறாள். பாதி பயம், பாதி நிகோட்டின். வெளியே வந்து ஒன்று பற்றவைத்ததும் நடுக்கம் போய்விடுகிறது. சிகரெட் இல்லாவிட்டால் தன்னால் எதையும் தாங்க முடியாது என்பதற்கு அவளுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, புகையை விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் விடாதவர்களோடு ஒப்பிட்டால் குறைந்திருப்பதைக் காட்டியது. முதல் சில வாரங்களைத் தாண்டினால்தான் அது தெரியும். அந்த முதல் சில வாரம்தான் கொந்தளிப்புக்காரிக்கு மலை.

இதில் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தையும் சேருங்கள். பையன் விட முயன்றால் "மச்சான் தம் விட்டுட்டான்டா" என்று அறையே கொண்டாடும். பெண் விடுவதற்கும் ரகசியமாகத்தான் விட வேண்டும். பிடித்தாள் என்றே யாருக்கும் தெரியாதே. எரிச்சலில் அம்மாவிடம் கத்தினால் காரணம் சொல்ல முடியாது. பெண்ணின் "குணம்" கெட்டுவிட்டதாக வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் துணிச்சல் சமாச்சாரத்தை முதலில் கண்டுகொண்டது உளவியல்காரர்கள் அல்ல, வியாபாரிகள்தான். 1929இல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தின்போது, எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகர் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக இளம்பெண்களைத் தெருவில் புகைத்தபடி நடக்க வைத்தார். சிகரெட்டுக்கு விடுதலைத் தீப்பந்தம் என்று பெயர். 1968இல் பெண்களுக்கென்றே விர்ஜீனியா ஸ்லிம்ஸ் வந்தது, ஒல்லியாக. இரண்டுமே சொன்னது ஒன்றுதான்: இதைப் பிடித்தால் நீ அடங்காதவள். நம் டீக்கடை வாசலும் அதையேதான் சொல்கிறது, திட்டாகச் சொல்கிறது என்பது மட்டும் வித்தியாசம். பத்தொன்பது வயதில், வீட்டில் எதற்கெடுத்தாலும் அடங்கிப் போ என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்குத் திட்டே விளம்பரமாகிவிடுகிறது. என்னிடம் ஒருத்தி சொன்னாள், "சிகரெட்ட விட அந்த அங்கிள் மொறைச்சதுதான் மேம் நல்லா இருந்துச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

சட்டம் எழுத்தில் கெட்டியாக இருக்கிறது. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. பாக்கெட்டில் 85 விழுக்காடு இடத்துக்கு எச்சரிக்கைப் படம், அதோடு விட உதவும் இலவச எண் 1800-11-2356. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெண்கள் பாக்கெட்டே வாங்குவதில்லை. பையில் பாக்கெட் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். சில்லறையாக ஒன்று, அதுவும் ஒரு பையனைவிட்டு வாங்கி வரச் சொல்வது. படமும் கண்ணில் படாது, எண்ணும் படாது. ஆகவே அந்த எண்ணை ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்து, பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்ட அனுமதி கேட்டேன். "அப்படி ஒட்டினா இங்க பொண்ணுங்க சிகரெட் குடிக்கிறாங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம்" என்று பதில் வந்தது. இப்போது என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு பெண் கைப்பேசியை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். இணையத்தில் இலவச ஆளுமைத் தேர்வு ஒன்று எழுதியிருக்கிறாள். "நியூரோட்டிசிசம் 91 வந்திருக்கு மேம். அப்ப என்னால விட முடியாதுதானே?" பாதி கேள்வி, பாதி நிம்மதி. இருபதுகளில் இந்த எண்களே நகரும், பெரும்பாலானவர்களுக்கு வயது ஏற ஏறப் பொறுப்புணர்வு கூடும், கொந்தளிப்பு தணியும் என்று சொன்னேன். அவ்வளவாக நம்பவில்லை. அந்த 91ஐ ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நிகோட்டினின் பிடி எவ்வளவு என்று அளக்கிற ஃபேகர்ஸ்ட்ரோம் வினாக்களில் முதலாவதைக் கேட்டேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் உடம்பு பலமாகப் பிடிபட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் தாண்டினால் பிடி லேசு. "காலைலயா? ஹாஸ்டல்ல எப்படி மேம்? சாயங்காலம்தான், நாலு மணி பிரேக்ல." ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போனால்? "ஊர்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் தலைவலிக்கும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். இரண்டு நாள் விடுகிறவளுக்கு விடத் தெரியும். செமஸ்டர் தேர்வு முடிகிற வெள்ளிக்கிழமையைத் தேதியாகக் குறித்தோம். நாலு மணிக்கு யாரோடு நிற்பது, என்ன சாக்குச் சொல்லி நகர்வது என்று பேசி வைத்தோம். காபியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். புகை நின்றதும் காஃபீன் உடம்பில் கரைவது மெதுவாகிவிடும், வழக்கமான இரண்டு காபி நாலு காபி மாதிரி படபடக்க வைக்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி 91 என்று வந்து நிற்பாள். சிகரெட்டுக்குத் தலையாட்டியவள் காபிக்குத்தான் சண்டை போட்டாள். கடைசியில் காலைக் காபி இருக்கட்டும், மாலைக் காபியை மட்டும் நிறுத்துவது என்று பேரம் படிந்தது.